ஸ்டோரில் காய்ந்த பெட்டி

சுஃபியா இத்தாவில் உட்கார்ந்து இரண்டு மாதம்கூட முடியவில்லை, அதற்குள் அவள் புருஷனின் கடைக்கு ஆள் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர் வெளியாள் இல்லை, புருஷனின் அண்ணன் சர்ஃபராஸ்தான். போடியில் ஏலக்காய்க் கமிஷன் வியாபாரம் அவருக்கு. நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் அடுத்தவர் நன்மைக்கென்று ஒரு முடிவு எடுத்துவிட்டால் அவர்களோடு மல்லுக்கட்டுவது பெரும்பாடு.

புருஷன் மவுத்தாகிப் போன பெண், இத்தா என்று நாலு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டக் கூடாது, கட்டிக்கொள்ளும் முறையுள்ள ஆண்கள் யார் கண்ணிலும் படக் கூடாது. புருஷனின் அண்ணனும் அந்த முறையில்தான் வருவார். அதனால் கூடத்துக்கும் சுஃபியாவின் அறைக்கும் நடுவே பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். கூடத்தில் மாமியார் பாத்துமுத்து காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெடித்த காய் ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், பச்சையாய்த் தடித்தது ஒரு பக்கம். போடியில் பாதி வீடுகளில் பெண்கள் கை இப்படித்தான் ஓடும். திரைக்கு உள்ளே சுஃபியாவின் மடியிலும் ஒரு முறம். அதுவும் சர்ஃபராஸ் அனுப்பிய காய்தான்.

"சுஃபியா, கேக்குதாம்மா?" என்றார் சர்ஃபராஸ், திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து.

"சொல்லுங்க பெரிய மச்சான்."

"கம்பத்துல இருந்து ஒரு ஆளு வந்து கடையப் பாத்துட்டுப் போனாரு. செல் கவரு, ஹெட்போனு யாவாரம். வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு திரும்ப வர்றேன்னுருக்காரு. சாவியக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

"எதுக்குக் குடுக்கணும்?"

"ரிப்பேரு பாக்க ஆளு யாரும்மா இருக்கா? அவன்தான் போயிட்டானே. ஷட்டரப் போட்டே வச்சா எலி குடியேறிரும். நீ இத்தா முடிஞ்சதும் உத்தமபாளையத்துல உங்க அண்ணன் வீட்ல போயி நிம்மதியா இரு. இல்ல, இங்கயே இருக்கேன்னா அம்மாகூட ஒக்காந்து காய் பொறுக்கு. ஒனக்கு ஒரு கொறையும் வராது."

"ரிப்பேரு பாக்க ஆளு நான் இருக்கேன் பெரிய மச்சான்."

கூடத்தில் முறம் நின்றது.

ஊருக்குத் தெரியாத விஷயம், ஆனால் வீட்டுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அது. புருஷன் அன்சாருக்கு வாய் வேலை, சுஃபியாவுக்குக் கை வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் அன்சார் செல்போன்களை வாங்குவான், வந்தவனைச் சிரிக்க வைப்பான், கவர் மாற்றுவான், டெம்பர் கிளாஸ் ஒட்டுவான். போர்டில் ஈயம் வைத்து ஒட்டுகிற நுணுக்க வேலை எதுவோ அது மதியச் சாப்பாட்டுப் பையோடு வீட்டுக்கு வரும். அவன் தால்ச்சா ஊற்றிச் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுவதற்குள் அவள் முடித்து வைத்திருப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் ஹார்டுவேர் வகுப்புக்குப் போனவள் அவள். சர்ஃபராஸ் இந்த வீட்டில் சாப்பிட்டபோதெல்லாம் கண்ணால் பார்த்ததுதான். ஆனாலும் அது கீரை ஆய்ந்து கொடுப்பதுபோல ஒரு கூடமாட ஒத்தாசை என்றே அவர் மனதில் பதிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவன் விஜயபாண்டி. தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களைப் போடிமெட்டுக்கு ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர்.

"பாய், சொல்லவே மனசு வரல. அன்சார் பாய் இருந்தப்ப என் டி.வி. கேம் பெட்டி ஒண்ணக் குடுத்திருந்தேன். சி.டி. போட்டா படிக்கல. சிப்பு மாத்துனா சரியாயிரும்னாரு. அது என்ன ஆச்சுன்னு…"

"அது பாக்காமயே கெடக்குதுன்னு நெனைக்கிறேன். அப்பிடியே அள்ளிட்டுப் போயிருங்க தம்பி. இனிமே பாக்க ஆளில்ல."

"அள்ளிட்டுப் போக அது என்ன வெறகா பாய்? மேட்டுல மழ பிடிச்சா வாரக்கணக்குல லோடு இல்ல. ஸ்டாண்டுல நாங்க இருக்குறவனெல்லாம் அந்தப் பெட்டிய நம்பித்தான் மழக்காலத்த ஓட்டுறோம். இல்லாட்டி சீட்டுதான் ஆடணும். சீட்டுக்கு எங்க வீட்டம்மா மகாராணி ஒத்துக்கிற மாட்டா."

"அண்ணே," என்றது திரை.

விஜயபாண்டி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். இத்தா இருக்கும் வீடென்று அவனுக்குத் தெரியும்.

"பெட்டி எங்கிட்டதான் இருக்கு. வெள்ளிக்கெழம மத்தியானம் வாங்க. ஓடுற பெட்டியா வாங்கிட்டுப் போங்க."

"சுஃபியா," என்றார் சர்ஃபராஸ். குரலில் கோபத்தைவிடக் கூச்சம் அதிகம் இருந்தது. "இத்தாவுல இருந்துக்கிட்டு இதென்ன பேச்சு? நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவாக?"

"காய் பொறுக்கலாம், கம்பி ஒட்டக் கூடாதா? ரெண்டும் கைவேலதான பெரிய மச்சான். நான் வாசல் தாண்டல, யாரு முன்னாடியும் வந்து நிக்கல. நீங்க அனுப்புன காய இந்த ரூமுக்குள்ள வச்சுப் பொறுக்குனப்ப நாலு பேரும் ஒண்ணும் சொல்லலையே. இத்தா இருக்குறது நானு. என் கைய யாரு இத்தாவுல ஒக்கார வச்சது?"

பாத்துமுத்துவின் கை மறுபடி முறத்தில் ஓடத் தொடங்கியது. வெளியே சாரல் காற்று கூரை ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கெழம பெட்டி ஓடலேன்னா சாவியக் குடுத்துருங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். ஓடிருச்சுன்னா கம்பத்துக்காரர வேற எடம் பாக்கச் சொல்லுங்க."

சர்ஃபராஸ் சரியென்றார். ஓடாது என்கிற தைரியத்தில் சொன்ன சரி அது.

மறுநாள் காலையில் பாத்துமுத்து வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மூத்த மகனிடம் சாவி வாங்கிக் கடைக்குப் போனாள். லேப்டாப், ஹார்டு டிஸ்க், தலையில் மாட்டும் லென்ஸ், சால்ட்ரிங் ராடு, மேசை டிராயரில் இருக்கும் இரண்டு சிப்பு. சுஃபியா சொல்லச் சொல்ல மனதில் ஏற்றிக்கொண்டு போனவள் ஒன்றும் விடாமல் கொண்டுவந்தாள். கூடவே, அவள் கேட்காத இரண்டு செல்போனும் வந்தன.

"இதென்ன மாமி?"

"ஷட்டரத் தூக்குனதும் வந்துட்டானுகடி. ஒரு பொம்பளப்பிள்ள வந்து ஸ்பீக்கரு கேக்கலன்னு கையில திணிச்சுட்டுப் போயிருச்சு. இன்னொருத்தன் நீங்க அன்சாரோட அம்மாவான்னு கேட்டான். ஆமான்னேன். அவன் அழுதுட்டான். நானும் அங்கயே நின்னு அழுதுட்டு வந்தேன்." அவள் சாவியை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். மாலையில் சர்ஃபராஸ் வந்து அதை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சுஃபியா ஜன்னலைச் சாத்தி, தரையில் வெள்ளைத் துணி விரித்து, பெட்டியின் அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றினாள். பழைய மாடல், செங்கல் கனம். மூடியைத் தூக்கியதும் அவள் மூக்கு சுருங்கியது. உள்ளேயிருந்து ஏலக்காய் மணத்தது. சாதாரண மணம் இல்லை. புகையும் சூடும் ஏறிய, புதிதாக வாட்டிய காயின் மணம். சி.டி. ஏறும் தட்டின் பல்சக்கரம் மெழுகு மாதிரி வளைந்திருந்தது. சி.டி.யைப் படிக்கும் லென்ஸ் புகைபிடித்த விளக்குச் சிமினிபோல மங்கிக் கிடந்தது.

"மாமி, விஜயபாண்டி அண்ணனுக்குப் போனப் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க."

பாத்துமுத்து போட்டாள். அந்தப் பக்கம் காற்றும் ஹாரனும் கேட்டன. "தம்பி, அன்சாரு அம்மா பேசுறேன். பெட்டிய என்னய்யா செஞ்சீக?"

"ஒண்ணுஞ் செய்யலையேம்மா."

"நெசத்தச் சொல்லு. உள்ள ஏலக்கா மணக்குது."

விஜயபாண்டி குரலைத் தாழ்த்தினான். "ஜீப்புல தார்ப்பா கிழிஞ்சு கெடந்துச்சும்மா. மழயில பெட்டி நனஞ்சு போச்சு. எல்லாம் அதுல வச்சா காஞ்சுருமேன்னு தோட்டத்து ஸ்டோர்ல வச்சேன்."

ஸ்டோர் என்றால் மலைத்தோட்டங்களில் பச்சை ஏலக்காயை உலர்த்தும் சூட்டறை. கீழே விறகு எரியும், குழாய் வழியாகச் சூடு அறை முழுக்கச் சுற்றும். மாதக்கணக்கில் வெயில் காணாத மேட்டில் போர்வை, பள்ளிக்கூடப் பை, நனைந்த செருப்பு எல்லாம் அங்கேதான் காயும். கேம் பெட்டியும் காயட்டும் என்று நினைக்க மேட்டுக்காரனால்தான் முடியும்.

"எம்புட்டு நேரம்யா வச்சே?"

"ராத்திரி பூராவும். காயோட காயா அடுக்குல வச்சுட்டேன். காலையில எடுத்தா நல்லாத்தாம்மா காஞ்சிருந்துச்சு."

"காஞ்சிருக்கும் காஞ்சிருக்கும். நெறமும் நல்லா ஏறியிருக்கும். ஏலத்துல விட்டிருந்தா முதல் தரத்துக்குப் போயிருக்கும்யா," என்று சொல்லிவிட்டுப் பாத்துமுத்து சிரித்தாள். மகன் போனபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்ததை உணர்ந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சுஃபியாவுக்கு, சிரிக்கட்டும், இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்றிருந்தது.

இரண்டு சிப்பையும் துணிமேல் வைத்தாள். எதைப் போடுவதென்று முடிவு செய்ய முடியாமல் அன்சார் இரண்டையுமே தருவித்திருந்தான். எதிலும் அப்படித்தான் அவன். கல்யாணப் புடவையே இரண்டு எடுத்து வந்தவன்.

"இதுல எது?" என்றாள் பாத்துமுத்து.

"சின்னதுல கம்பி கொஞ்சந்தான். வெரசா முடிஞ்சுரும். பெருசுல இருபதுக்கு மேல இருக்கு."

"சின்னதே போடேன். நாள் இல்லையே."

"சின்னது என்ன செய்யும்னா, போடுற சி.டி. நகலா அசலான்னு பெட்டி கேக்குறப்ப, அசலுதான்னு பொய் சொல்லும். ஊர்ல எல்லாரும் அதத்தான் போட்டுக் குடுப்பாக. ஆனா இந்தப் பெட்டிக்குக் கண்ணே அவிஞ்சுபோச்சு மாமி. சி.டி.யே தெரியாத பெட்டிகிட்டப் போயி பொய் சொல்லி என்ன செய்ய?"

"அப்ப பெருசு?"

"பெருசு சி.டி.யவே கேக்காது. பெட்டிய அதுவா எழுப்பி, பின்னாடி மாட்டுற ஹார்டு டிஸ்க்குல இருக்குற ஆட்டத்த எடுத்துக்கிரும். தட்டும் சுத்த வேண்டாம், லென்சும் வேண்டாம்."

"அவன் ஏன் போடாம வச்சிருந்தான்?"

"அவுகளுக்குப் பயம். ஒரு கம்பி எடம் மாறுனாலும் போர்டு போச்சு, அடுத்தவன் பொருளு, வேண்டாம்புள்ளன்னு சொன்னாக." சுஃபியா பெரிய சிப்பை எடுத்துக்கொண்டாள். "எனக்கு இனிமே எதுக்கு மாமி பயம்?"

இரண்டு நாள் வேலை அது. போர்டில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்து அதற்குரிய படத்தைப் போனில் தேடி எடுத்தாள். ஒரே பெட்டிதான், ஆனால் மாடலுக்கு மாடல் கம்பி சேரும் இடம் மாறும். தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பி. ராடு முனையில் துளி ஈயம், தொட்டதும் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் போர்டிலுள்ள செம்புப் புள்ளியே பெயர்ந்து வந்துவிடும். ஆனி மாதக் காற்று போடியை உலுக்கிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் கரண்டு நிற்கும். கரண்டு நின்றால் ராடு ஆறும். திரும்பச் சூடேறும்வரை அவள் முறத்தை எடுத்துக் காய் பொறுக்கினாள். சர்ஃபராஸுக்கு அதிலும் ஒரு குறை வைக்கவில்லை. பாத்துமுத்து அறைக்குள் வந்து போனைப் பிடித்துக்கொண்டு படத்தைக் காட்டினாள்.

"இந்தச் செவப்புக் கோடு எங்க போகுதுடி?"

"இந்தா, இங்க."

"கண்ணே தெரியலையே. காயில பூச்சி ஓட்டை பாக்குறது தேவலாம்." கொஞ்ச நேரம் கழித்து, "அவன் கடையில ஒக்காந்துக்கிட்டு என்னமோ அவனே செஞ்ச மாதிரி பேசுவானே, ஒனக்குக் கோவம் வராதா?" என்றாள்.

"வரும். ராத்திரிச் சாப்பாட்டுல உப்ப அள்ளிப் போட்டுருவேன்."

"அது நீதானா? நான் எனக்குத்தான் நாக்கு செத்துப் போச்சுன்னு நெனச்சேன்."

பிறகு பாத்துமுத்து, அவன் பேசலேன்னா வேலையே வந்திருக்காதுதான் என்றாள். அதற்குச் சுஃபியா ஆமாம் என்றாள். அது நிஜம். அவன் நினைப்பு வந்தது. ராடைக் கீழே வைத்துவிட்டு அழுது முடித்தாள், மூக்கைச் சிந்தினாள், திரும்ப எடுத்தாள்.

வியாழக்கிழமை பிற்பகல் கடைசிக் கம்பியும் சேர்ந்தது. விஜயபாண்டியின் ஆட்டங்களை லேப்டாப் வழியாக ஹார்டு டிஸ்க்கில் ஏற்றியிருந்தாள். பெட்டியின் வயரைக் கூடத்து டி.வி.யில் மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். டி.வி. கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டாள். கறுப்பு.

அந்த வேளையில்தான் வாசலில் சர்ஃபராஸின் செருமல் கேட்டது. சுஃபியா திரைக்குள் போய்விட்டாள். அவர் ஏலக்காய்ச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு டி.வி.யைப் பார்த்தார். அவிழ்ந்து கிடந்த பெட்டியையும் பார்த்தார்.

"விட்டுரும்மா," என்றார் மெதுவாக. "நான் ஒன்னையக் கொற சொல்லல. என் தம்பி பேரு போட்ட கடை போர்டத் தெனம் பாத்துக்கிட்டே அந்தப் பக்கம் நடக்க என்னால முடியல. சீக்கிரம் அது கைமாறிட்டா நல்லதுன்னு இருக்கு. அம்புட்டுத்தான்."

சுஃபியாவுக்கு இது அதுவரை தெரியாது. ஒரு கணம் மனது இளகியது. ஆனால் அவர் பார்க்க முடியாத போர்டைத்தான் அவள் பார்த்துக்கொண்டே இருக்க ஆசைப்பட்டாள். ஒருவர் துக்கம் ஆறவேண்டும் என்பதற்காக இன்னொருத்தியின் பிழைப்பை விற்க முடியாது.

"நாளைக்குத்தான பெரிய மச்சான் வெள்ளிக்கெழம?" என்றாள்.

அவர் போனதும் தலையில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஒட்டாக ஊசி முனையால் தட்டிப் பார்த்தாள். ஓரத்தில் ஒன்று ஆடியது. ஈயம் புள்ளிமேல் உட்கார்ந்திருந்ததே தவிர ஒட்டவில்லை. விரலால் தடவினாள், பிசுபிசுத்தது. முகர்ந்தாள். ஸ்டோர்ச் சூட்டில் காயிலிருந்து கசிந்த எண்ணெய் ஆவி போர்டு முழுக்கப் படிந்திருந்தது. காய் பொறுக்கும் பெண்களின் விரலில் சோறு உண்ணும்போதும் போகாத அதே பிசுக்கு. வேலை தொடங்குமுன் நன்றாகத் துடைத்ததாகத்தான் நினைத்திருந்தாள். அந்த மணத்துக்குள்ளேயே இருப்பவளுக்கு அது மிச்சமிருப்பது தெரியவில்லை. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து இடுக்கு இடுக்காகத் துடைத்தாள். சந்தேகப்பட்ட ஒட்டுகளையெல்லாம் பிரித்துத் திரும்ப வைத்தாள். பிறகு சுவிட்சைப் போட்டுப் பார்க்க எழுந்தபோது கரண்டு போய்விட்டது. அது வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சர்ஃபராஸ் வந்தார். கூடவே கம்பத்துக்காரர், வழுக்கைத் தலையும் புதுச் செருப்புமாக. பின்னாலேயே விஜயபாண்டி. மூன்று பேரும் கூடத்தில் உட்கார, பாத்துமுத்து ஏலக்காய் தட்டிப்போட்ட டீயைக் கொடுத்தாள். அப்போதுதான் கரண்டு வந்தது.

சுஃபியா திரைக்குப் பின்னால் நின்றாள். டி.வி. அவளுக்குத் தெரியாது. பெட்டி வேலை செய்கிறதா என்று அவளுக்கே தெரியாது. காதைத்தான் தீட்டிக்கொள்ள வேண்டும்.

"அண்ணே, சுவிட்சப் போடுங்க. சி.டி. ஏதும் வைக்காதீங்க."

"சி.டி. இல்லாமயா தங்கச்சி?"

"போடுங்கண்ணே."

டக் என்று கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. கம்பத்துக்காரர் டீயை உறிஞ்சும் சத்தம். சுஃபியா விரிப்பின் ஓரத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்தாள். யா அல்லா, என்றாள் வாய்க்குள். அப்புறம் ஒரு இசை எழுந்தது. அதற்குப் பின்னால் இன்ஜின் உறுமியது.

"எந்திரிச்சிருச்சு பாய்," என்றான் விஜயபாண்டி. "லாரி ஓட்டுற ஆட்டந்தான் வந்திருக்கு. அட, கார் ரேசும் இருக்கு. எல்லாமே இருக்கு." இன்ஜின் சத்தம் ஏறியது, டயர் கிரீச்சிட்டது, எதன் மீதோ மோதியது. "மோதட்டும், மோதட்டும். ரோட்டுல மோதாம இருந்தாச் சரி. தங்கச்சி, எங்க ஸ்டாண்டுல அருள்பாண்டிகிட்ட ஒண்ணு இதே மாதிரி செத்துக் கெடக்கு. கொண்டாரவா?"

"கொண்டாங்கண்ணே. ஸ்டோர்ல வைக்காமக் கொண்டாங்க."

கம்பத்துக்காரரே சிரித்துவிட்டார். சர்ஃபராஸ் மட்டும் சிரிக்கவில்லை. டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் திரையின் பக்கம் முகத்தைத் திருப்பாமல் பேசினார்.

"சரிம்மா. வேல தெரியும், ஒத்துக்கிறேன். ஆனா கடையில யாரு ஒக்காருவா? இத்தா முடிய இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல கெடக்கு. இவரு வேற வந்து ஒக்காந்திருக்காரு. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"எனக்கும்தான் குடுத்தீங்க பெரிய மச்சான்."

"அது வந்து, ஒரு பேச்சுக்கு…"

சுஃபியா விரிப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். விரிப்பை ஒரு இழு இழுத்தால் போதும், நேருக்கு நேர் நின்று கேட்டுவிடலாம். கேட்டால் அந்தக் கேள்வி காணாமல் போய், இத்தாவில் வெளியே வந்தவள் என்ற பேச்சுதான் போடி முழுக்க நிற்கும். அவர்களுக்கு அந்த வசதியை அவள் கொடுக்கப் போவதில்லை. விரிப்பை விட்டுவிட்டாள்.

"ஒரு பேச்சுக்குன்னா, அவருக்குக் குடுத்ததும் ஒரு பேச்சுக்குன்னு சொல்லிருங்க," என்றாள். "நான் இங்க இருந்தே வேல பாப்பேன். கடைய விட மாட்டேன். உத்தமபாளையத்துக்கும் போக மாட்டேன்."

கூடத்தில் முறத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பாத்துமுத்து எழுந்தாள். மூட்டு நெட்டி முறிந்தது. ஆணியில் கிடந்த துப்பட்டியை எடுத்து உதறிப் போர்த்திக்கொண்டாள். மகனிடம் போய்க் கையை நீட்டினாள்.

"சாவியக் கொண்டா."

"எங்கம்மா போற?"

"கடைக்கு. ஜும்மா முடிஞ்சு ஆளு வர்ற நேரம். வாங்குறத வாங்கி வீட்டுக்குக் கொண்டாந்து குடுக்க எனக்குத் தெரியாதா? என் மகன் அதத்தான செஞ்சான். அவன் வாய் எங்கிட்ட இருந்து போனதுதான்."

"அம்மா, நீ போயி பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்தா…"

"ஒக்காந்தா என்ன? எனக்கு இத்தாவெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு. கொண்டா."

சட்டைப்பையில் சாவி கலகலப்பது திரைக்குள் கேட்டது. கம்பத்துக்காரர் டீ நல்லாயிருந்ததென்று சொல்லிவிட்டுப் புதுச் செருப்பைத் தேடினார். சர்ஃபராஸ் அவர் பின்னாலேயே வாசலுக்குப் போய் என்னவோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். டி.வி.யில் விஜயபாண்டியின் லாரி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

பாத்துமுத்து திரையருகே வந்து நின்றாள். "போயிட்டு வர்றேன்டி. அந்தச் சின்ன மேச, லைட்டு, அவன் ஸ்டூலு எல்லாம் அங்க கெடக்கு. ஆட்டோவுல போட்டு இங்க கொண்டாந்துரவா? வீட்ல ஒக்காந்து வேல பாக்க வாட்டமா இருக்கும்."

"வேண்டாம் மாமி," என்றாள் சுஃபியா. "ஒண்ணையும் எடுக்காதீங்க. எல்லாம் போட்டது போட்ட எடத்துலயே இருக்கட்டும். நான் வந்து ஒக்காரணும்ல."